பத்தாம் நம்பர் காட்டுக் கல்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு துவைகல் சோழர் கல்லாக மாற நாற்பது நிமிடம் பிடித்தது. தீபாவளிக்கு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய ஆல்பம் ஒன்று கிடைத்தது. தங்கை அதில் ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் எடுத்துப் போட்டு, ‘பைப்படி கல்லு ஞாபகம் இருக்கா?’ என்று மட்டும்தான் கேட்டாள். சின்ன மாமா மகன், ‘அது துவைகல்லு இல்ல, கோயில் தூணோட அடி’ என்றான். பினாங்கு அண்ணன் ராஜேந்திர சோழன் படத்தைப் போட்டார். பின்னாலேயே ஒரு கப்பல் படம். கடைசியில் யாரோ, ‘நம்ம தாத்தா துணி துவைச்சது ராஜேந்திரன் கட்டுன கோயில் கல்லுல’ என்று முடித்துவைக்க, அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நானும் ஒரு கும்பிடு போட்டேன். போட்டதிலிருந்து அது என்னை விடவே இல்லை.

நாங்கள் மலேசியாவின் கெடா மாநிலத்தில், அதாவது பழைய கடாரத்தில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள். ஜெராய் மலையைப் பார்த்தபடியே வளர்ந்தவர்கள். தாத்தா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பாலெடுத்தார், அம்மாவும் கொஞ்ச காலம் வெட்டினார், எனக்குப் பன்னிரண்டு வயதானபோது லயத்தை, தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்தோம். குழாயடியில் கிடந்த அந்தப் பைப்படி கல்லை நான் தொட்டிருக்கிறேன், அதில் உட்கார்ந்து உதையும் வாங்கியிருக்கிறேன். வட்டமான கருங்கல், நடுவில் ஒரு குழி. குழி என்றால் உரல் மாதிரி வழுவழுப்பாகத் தேய்ந்தது கிடையாது, யாரோ உளி வைத்துச் செதுக்கியது, விளிம்பு இன்னும் கூராக இருக்கும். பாட்டி மஞ்சள் பார் சோப்பை அதில்தான் வைப்பார். அளவெடுத்த மாதிரி உட்காரும். எதற்கு அந்தக் குழி என்று ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. சோப்பு வைக்க என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

படத்தில் தாத்தா பனியனும் கைலியுமாக நிற்கிறார். பாட்டி முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு வேறு எங்கோ பார்க்கிறார். இரட்டைப் பின்னல் போட்ட பெண் பெரியம்மா. முன்னால் கல், கல்லின் மேல் பிழியாத துணி, பக்கத்தில் ஒரு மண்ணெண்ணெய் டின். எடுத்தவர் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார் என்பது வீட்டில் எல்லோரும் சொல்லும் செய்தி. அந்தத் தோட்டத்தில் கேமரா வைத்திருந்த ஒரே தமிழர் அவர்தான்.

கும்பிடு போட்டபின் என்னை அரித்தது இதுதான். கடாரம் என்றாலே நமக்கு 1025 ஒன்றுதான் தெரியும், ராஜேந்திரன் படையெடுத்த வருடம். ஆனால் ஜேம்ஸ் லோ என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி 1834-இல் இன்றைய செபராங் பிறையில் கண்டெடுத்த கல்வெட்டு, ரக்தமிருத்திகையைச் சேர்ந்த புத்தகுப்தன் என்னும் மாலுமி வெட்டிவைத்தது, ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அது இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சோழப் படை வருவதற்கு ஐந்நூறு வருடம் முன்பே இங்கே ஒரு கப்பல்காரன் பத்திரமான பயணத்துக்கு வேண்டிக்கொண்டிருக்கிறான். சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் செம்பனைக்கு, அதாவது எண்ணெய்ப்பனைக்கு, நடுவே தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளையும் துருத்தி முனையில் செருகும் மண் குழாய்களையும் படகுத்துறைகளையும் எடுத்தார்கள். அவற்றின் காலத்தைப் பொது ஆண்டு இரண்டாம் நூற்றாண்டு வரை கொண்டுபோனார்கள், அதற்கும் முந்தையது என்று பின்னர் அவர்களே சொன்னார்கள். இத்தனை நூற்றாண்டு, இத்தனை விதமான ஆட்கள். எல்லாவற்றையும் ஒரே ராஜாவின் கணக்கில் எழுதிவிட்டுக் கும்பிடு போட்டால், அந்த உலையில் ஊதியவனை எங்கே வைப்பது? இதைக் குழுவில் எழுதினால் தீபாவளி கெட்டுவிடும் என்று எழுதவில்லை.

எண் போட்டவர்கள்

அகழாய்வுகளில் வேலை பார்த்த மலாய் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. படத்தை அனுப்பினேன். கல்லைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் மூன்று கேள்வி கேட்டார். எந்த இடம்? எந்த வருடம்? யார் எடுத்தது? பிறகு, ‘பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா, பாருங்கள்’ என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. கல் கண்முன்னால் இருக்கிறது, இவர் பின்பக்கத்தைக் கேட்கிறாரே என்று.

அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1980-இல் திறந்தது, எங்கள் பள்ளிச் சுற்றுலா எல்லாமே அங்கேதான். பின்னால் ஓடைக்கு மேலே சண்டி புக்கிட் பத்து பகாட். 1958 முதல் 1960 வரை அலஸ்டர் லாம்ப் அகழ்ந்து, சிதறிக் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி மறுபடியும் அடுக்கிய கோயில். விமானம், அதற்கு முன்னால் மண்டபம், நம் ஊர்க் கோயில் அமைப்புதான், கூரைதான் கிடையாது. கூரையை மரத்தூண்கள் தாங்கியிருக்கின்றன. மரம் மக்கிப்போய், தூண் நின்ற அடிக்கற்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மண்டபத்தைச் சுற்றி அந்தக் கற்களைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது மஞ்சள் சோப்பு. தூணின் அடிமுனை உட்காருவதற்காகச் செதுக்கிய குழி. அன்று அங்கே நின்றவரைக்கும் மாமா மகன் சொன்னது சரி என்றுதான் பட்டது. ஆனால் ‘மாதிரி இருக்கிறது’ என்பதற்கும் ‘அதுதான்’ என்பதற்கும் நடுவில் என்ன வேண்டும் என்று அங்கே நின்றபடியே யோசித்தேன். நண்பர் கேட்ட மூன்று கேள்விதான் வேண்டும்.

அகழாய்வாளர் குவாரிச் வேல்ஸ் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1930-களில் மனைவி டோரதியோடு வந்து, மலையடிவாரத்திலும் மெர்போக் ஆற்றுப் பக்கமும் முப்பது இடங்களை ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 1940-இல் அறிக்கையை வெளியிட்டவர். இந்தியாவிலிருந்து அலை அலையாக ஆட்கள் வந்து குடியேறிக் கோயில் கட்டினார்கள் என்பது அவர் கதை. பின்னால் வந்த அறிஞர்கள் அந்தக் கதையை அப்படியே ஏற்கவில்லை. இங்கிருந்த மக்களே வணிகம் செய்தார்கள், வேண்டியதை வாங்கித் தங்களுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொண்டார்கள் என்றார்கள். சரி, கதை போனது. ஆனால் அவர் போட்ட எண் போகவில்லை. இன்றைக்கும் எட்டாம் எண் தளம், பதினோராம் எண் தளம் என்றுதான் பேச்சு. அவருடைய தாள்களும் படங்களும் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியில் இருக்கின்றன. ஒரு மனிதர் நினைத்தது எண்பது வருடத்தில் கரைந்துவிட்டது, அவர் அளந்ததும் வரைந்ததும் அப்படியே நிற்கிறது. அகழாய்வுப் படங்களில் ஓரத்தில் ஓர் அளவுகோல் வைத்திருப்பார்களே, வடக்கைக் காட்டும் அம்பு ஒன்றும் இருக்குமே, சின்ன வயதில் அதெல்லாம் படத்தைக் கெடுக்கிறது என்று நினைப்பேன்.

பதினோராம் எண் தளத்தின் கதை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2013 கடைசியில் வீட்டு நிலத்துக்காக மண் தள்ளியபோது அது தரைமட்டமானது. தனியார் நிலம், பாரம்பரியச் சின்னமாக அரசிதழில் பதிவாகவில்லை, வழக்கமான பதில்கள். அந்த டிசம்பர் முழுக்க நான் கொதித்துக் கொதித்து எழுதினேன். ஆயிரம் வருடக் கோயிலை ஒரு புல்டோசர் தின்றுவிட்டது என்றெல்லாம். அந்த வரியின் மேல் எனக்கு அப்போது ரொம்பப் பெருமை. இப்போது அந்தத் தளத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தாளில்தான் பார்க்க வேண்டும்.

சோற்றுப் பசை

ஆல்பத்துக்கு வருகிறேன். கறுப்புத் தாள் போட்ட ஆல்பம், படங்கள் எல்லாம் சோற்றுப் பசையால் ஒட்டியவை. நான்கு மூலையில் தொட்டு ஒட்டியிருந்தால் பரவாயில்லை, அம்மாவோ பாட்டியோ படத்தின் முதுகு முழுக்கப் பசையை வழித்துவிட்டிருக்கிறார்கள். பசைக்காக வந்த வெள்ளிப்பூச்சி ஓரங்களைக் கடித்திருந்தது. நண்பரிடம் கேட்டிருக்கலாம். யாராவது தெரிந்தவரிடம் கொடுத்து ஈரக்காற்றில் வைத்துப் பொறுமையாகப் பிரித்திருக்கலாம். நான் கேட்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, பழக்கடையில் வாங்கின கத்தியோடு உட்கார்ந்தேன். ஒரு மூலை சுலபமாக வந்தது, அந்தத் தைரியத்தில் இழுத்தேன். பாதியில் ‘சர்’ என்று ஒரு சத்தம். படம் கையில் வந்துவிட்டது. அதன் முதுகுத்தோல் ஆல்பத்திலேயே தங்கிவிட்டது.

படத்தைத் திருப்பிப் பார்த்தால் பஞ்சு மாதிரி வெள்ளை, எழுத்தே இல்லை. சரி, எதுவும் எழுதவில்லை போலிருக்கிறது என்று முதலில் ஒரு நிம்மதி. அப்புறம் ஆல்பத் தாளைப் பார்த்தேன். கிழிந்து தங்கிய மெல்லிய தோலுக்கு அடியில் நீலமாக ஏதோ தெரிந்தது. ஊற்றுப்பேனா மை. எழுத்துதான், ஆனால் படிக்க முடியவில்லை. தமிழா, தெலுங்கா என்றே புரியவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் உறைத்தது. எழுதியவர் படத்தின் முதுகில் எழுதினார், நான் இப்போது அந்த எழுத்தை உள்பக்கத்திலிருந்து பார்க்கிறேன், இடது வலது மாறித் தெரிகிறது. மனைவியின் பவுடர் டப்பாக் கண்ணாடியை எடுத்து வந்து பிடித்தேன். கண்ணாடிக்குள் வாத்தியாரின் கையெழுத்து நேராக எழுந்து நின்றது. சாய்வில்லாத, கரும்பலகைக் கையெழுத்து. முதல் வரி கத்தியோடு போய்விட்டது. அடுத்த வரியில் ‘…படிக் கல்’ என்பது மட்டும். அதற்கடுத்து முழுதாக: ‘10-ம் நெ. காடு எடுத்தது. பொங்கல் 59.’

நள்ளிரவில் சமையலறையில் தனியாகச் சிரித்தேன். நண்பரின் மூன்று கேள்விக்கும் ஒரே வரியில் பதில். இடம் பத்தாம் நம்பர் காடு, வருடம் 1959, எடுத்தவர் பெயர் கத்தியில் போன முதல் வரியில் இருந்திருக்கலாம், போகட்டும், அவரை எங்களுக்குத் தெரியும். உடனே நண்பருக்கு அனுப்பினேன், தமிழ் தெரியாதே என்று மலாயில் மொழிபெயர்த்தும் எழுதினேன். எழுதும்போதுதான் கை நின்றது. ‘எடுத்தது’ என்றால் எதை எடுத்தது? படத்தையா, கல்லையா? மலாயில் எழுதவேண்டுமானால் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழில் வாத்தியார் சொல்லாமலே போய்விட்டார். படம் பைப்படியில் எடுத்தது, அது நன்றாகத் தெரிகிறது, பைப்படி லயத்தில் இருந்தது. அப்படியானால் பத்தாம் நம்பர் காட்டிலிருந்து எடுத்தது கல்லைத்தான். ஆனால் லயமே பத்தாம் நம்பர் காட்டு எல்லைக்குள் இருந்திருந்தால்? அப்போது அந்த வரி கல்லைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

பத்தாம் நம்பர் காடு எங்கே? தோட்டத்துக்காரர்களுக்கு இது விளங்கும், மற்றவர்களுக்காக ஒரு வரி: ரப்பர் நிலத்தைப் பிரித்து எண் போட்டிருப்பார்கள், அதைத்தான் காடு என்போம், காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் மண்டோர் என்னும் மேஸ்திரி ‘நீ ஆறாம் நம்பர், நீ பத்தாம் நம்பர்’ என்று ஆளைப் பிரித்து அனுப்புவார். அந்த எண்கள் ஆபீஸ் வரைபடத்தில் இருந்தன. தோட்டம் கைமாறியது, துண்டு துண்டாக விற்றார்கள், மிச்சத்தில் செம்பனை நட்டபோது புது எண் போட்டார்கள். கொஞ்ச நிலம் தாமான் என்னும் குடியிருப்பு ஆனது. பழைய வரைபடம் எங்கே போனது என்று விசாரித்த இடமெல்லாம் என்னை அடுத்த இடத்துக்கு அனுப்பினார்கள்.

ஒரே மண்ணின்மேல் இரண்டு எண்வரிசை ஓடியிருக்கிறது. ஆய்வாளர் போட்ட எண் ஒன்று, மரம் வெட்டினவர்கள் பேசின எண் ஒன்று. முதலாவது லண்டன் வரை போய்ப் பத்திரமாக இருக்கிறது. இரண்டாவது பெரட்டுக்களத்தில் கூவப்பட்டு, காற்றோடு போனது. இந்த மேடுகளை ஆய்வாளர்களுக்கு முதலில் காட்டியவர்களில் காலை நாலு மணிக்குத் தலைவிளக்கோடு அந்த மேட்டில் தடுக்கி விழுந்த ஒருவராவது இருந்திருப்பார் என்று நான் நினைக்கிறேன். நிரூபிக்க முடியாது. அவருக்கு அது எந்த எண் தளம் என்று தெரிந்திருக்காது. ஆய்வாளருக்கு அது எந்த நம்பர் காடு என்பது தேவைப்பட்டிருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய ஒரு தாள் கிடைத்தால் போதும், பாதி ஆல்பங்கள் பேசத் தொடங்கிவிடும்.

பெரியம்மாவிடம்

சுங்கை பட்டாணியில் இருக்கும் பெரியம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கண் மங்கல், ஞாபகம் மங்கவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கல்லைப் பார்க்கவே இல்லை, டின்னைப் பார்த்தார். ‘இது எங்க டின்னுதான். வாய் நசுங்கியிருக்கு பாரு, நான்தான் கீழ போட்டேன். அன்னைக்கு அடி வாங்குனேன்.’ அந்த டின்னை அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். நாலு கேலன் மண்ணெண்ணெய் டின் எல்லா ஊரிலும் ஒரே அளவு, ஏறக்குறைய பதினாலு அங்குல உயரம். படத்தில் அளவுகோல் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன், அது கல்லுக்குப் பக்கத்திலேயே நசுங்கின வாயோடு நின்றுகொண்டிருந்தது. டின்னைப் படுக்கப்போட்டால் அதன் நீளம் கல்லின் குறுக்களவுக்குச் சரியாக இருக்கும். ஆக, பதினாலு அங்குலம்.

‘பத்தாம் நம்பர் காடு எங்க இருந்துச்சு பெரியம்மா?’

‘மேட்டுக் காடு. ஸ்டோர்லேர்ந்து ஆத்துப் பக்கமா எறங்கி ஏறணும். அங்கதானே செங்கல் எடுப்போம்.’

‘என்ன செங்கல்?’

‘அடுப்புக்குத்தான். பெருசு பெருசா இருக்கும், பழைய கல்லு. மழை பேஞ்சா தானா வெளிய வரும். உங்க தாத்தா வாளியில கொண்டாருவாரு. அந்த லயத்துல பாதி வீட்டு அடுப்பு அந்தக் கல்லுதான்.’

எனக்கு வாயடைத்துப் போனது. 2013 டிசம்பரில் நான் எழுதிய புல்டோசர் வரி ஞாபகம் வந்தது. வாளி வாளியாக நாங்களும் எடுத்திருக்கிறோம். அந்த அடுப்பில் வெந்த சோற்றின் கஞ்சிதான், ஒருவேளை, ஆல்பத்துக்குப் பசை. தாத்தாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லயத்தில் அடுப்புக்கு யார் கல் கொடுத்தார்கள்? ஆனால் நான் அந்தப் பதிவைத் தேடி அழிக்கவும் இல்லை, இப்போது படிக்கும்போது அதில் எங்கள் அடுப்பு இல்லையே என்றுதான் இருக்கிறது. பெரியம்மா சொன்ன செங்கல் எந்தக் காலத்தது, அது கோயிலா, பழைய தோட்டக் கட்டடமா என்பதும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. குழுவில் இதைச் சொன்னேன். யாரும் கும்பிடு போடவில்லை. தங்கை மட்டும், ‘அடுப்பு ரொம்ப நல்லா எரியும்’ என்று எழுதினாள்.

நண்பர் சொல்லிக்கொடுத்தபடி 2பி பென்சிலும் நாட்காட்டித் தாள் ஒன்றும் பெரியம்மா முன்னால் வைத்தேன். படம் வரையச் சொன்னேன். ‘எனக்கு என்ன தெரியும்’ என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, முதலில் மேலே ஒரு முக்கோணம் போட்டார். ‘மலை.’ வடக்கு எந்தப் பக்கம் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. எங்கள் தோட்டத்துக்கு ஜெராய் வடமேற்கு. அப்புறம் ஸ்டோர், பெரட்டுக்களம், முனியாண்டி கோயில், வாத்தியார் வீடு, நாலு லயமும் நாலு கோடாக. ஆறு வளைந்து வந்தது. மேட்டுக் காட்டை ஒரு பொரி உருண்டை மாதிரி வரைந்து, உள்ளே ‘10’ என்று எழுதினார். லயத்துக்கும் அதற்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டார். விட்ட இடைவெளியை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

‘கல்லையும் போடுங்க’ என்றேன்.

பென்சில் தாளுக்கு மேலே நின்றது. ‘எங்க போட? எடுத்த எடத்துலயா, போட்ட எடத்துலயா?’

‘ரெண்டுலயும் போடுங்க பெரியம்மா.’

மேட்டில் ஒரு சின்ன வட்டம் போட்டார். பைப்படியில் பெரியதாக ஒன்று போட்டு, நடுவில் குழியும் வைத்து, குழிக்குள் சின்னதாக ஒரு சதுரம் வரைந்தார். சோப்பு.